மட்டுமீறிய குடி என்றால் என்ன? வாரம் ஒருநாள் மட்டும் குடிக்கும் கல்லூரி மாணவருக்கும் அது பொருந்துமா?

பொருந்தும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் ஆண்கள் ஐந்து, பெண்கள் நான்கு அளவு மதுவோ அதற்கு மேலோ அருந்துவதே மட்டுமீறிய குடி. அமெரிக்கக் கணக்கில் ஓர் அளவு என்பது 14 கிராம் ஆல்கஹால். கோவையில் சனிக்கிழமை இரவு அறை நண்பர்கள் வாங்கிவரும் 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் 8 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், அது ஒன்றிலேயே ஏறக்குறைய மூன்று அளவு அடங்கிவிடுகிறது. கல்லீரலோ மணிக்குச் சுமார் ஓர் அளவைத்தான் கழிக்கும். தென்னந்தோப்புத் தொட்டியில் மோட்டார் முழு வேகத்தில் தண்ணீரைக் கொட்ட, சொட்டுநீர்க் குழாய் வழியாக மட்டும் அது வெளியேறினால் தொட்டி வழிந்தே தீரும். உடலில் அப்படி மிஞ்சுவது மூளையைத் தாக்கி, நாக்குக் குழறுவதில் தொடங்கி மூச்சு மந்தமாவது வரை கொண்டுபோகும். மோர் குடித்தால் போதை இறங்கிவிடும் என்று விடுதிகளில் சொல்வார்கள். மோர் வயிற்றுக்கு இதமாக இருக்கலாமே தவிர, கல்லீரலின் வேகத்தைக் கூட்டுவதில்லை.