‘கேஷ்’ நம் ‘காசு’தானா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் ‘ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்’ என்று தலைப்பு. ‘கேஷ்’ என்பது நம் ‘காசு’தான் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எழுதிக் கொடுத்தேன். ஆங்கில ஆசிரியை, “அது பிரெஞ்சுச் சொல், எடுத்துவிடு” என்கிறாராம். தமிழாசிரியர் “இருக்கட்டும்” என்கிறார். போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான். வைக்கவா, எடுக்கவா?
— வாசகர், விழுப்புரம்

பதில்: வையுங்கள். ஆனால் வாக்கியத்தை மாற்றி வையுங்கள். இரண்டு ஆசிரியர்களும் சொல்வது சரிதான். இருவரும் வெவ்வேறு சொல்லைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாகவே உள்ள இரண்டு ‘கேஷ்’ உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இரண்டையும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறது. நம் ‘ஆறு’ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நதியும் ஆறு, ஐந்துக்கு அடுத்ததும் ஆறு. ஒன்று மற்றதன் பிள்ளை அல்ல.

முதலில் ஆசிரியையின் ‘கேஷ்’. கடையில் “கேஷா, ஜிபேயா?” என்று கேட்கிறார்களே, அது. லத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியனில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’ என்றாகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நுழைந்தபோது பணப்பெட்டி என்ற பொருளும் அதற்கு இருந்தது. நாளடைவில் பெட்டி கழன்றுபோய், உள்ளே இருந்த பணம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. 1599 வாக்கில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் ஒருவன் தன் பாக்கியைக் ‘கேஷாக’த் தீர்ப்பதாகச் சொல்கிறான், அங்கே பெட்டி கிடையாது, பணம்தான்.

இதில் நமக்கு வியப்பில்லை. “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்று முதலாளி கேட்டால் பெட்டியின் விலையையா கேட்கிறார்? ஒரு படம் நன்றாக ஓடினால் ‘கல்லா கட்டியது’ என்கிறோம். கல்லாவுக்கு நடந்ததேதான் கேஷுக்கும் நடந்தது. ‘பட்ஜெட்’கூட ஒரு காலத்தில் சின்னத் தோல்பைதான்.

பணம் என்றானபிறகும் அந்தச் சொல் ஓரிடத்தில் நிற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரின் பணப்பேச்சில் கேஷ் என்றால் பெரும்பாலும் தங்க, வெள்ளி நாணயம். காகித நோட்டு அதற்கு எதிர்ப்பக்கம். பிரான்சுடன் போர் நடந்துகொண்டிருந்த 1797 பிப்ரவரியில், நோட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவருக்குத் தங்கம் கொடுப்பதை இங்கிலாந்து வங்கி நிறுத்தியது. இதை அவர்கள் ‘கேஷ் கொடுப்பதை நிறுத்தியது’ என்றே எழுதினார்கள். திரும்பக் கொடுக்க 1819இல் சட்டம் வந்து, 1821இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் ‘நோட்டும் நாணயமும்’ என்று போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். இன்றைக்கோ அதே நோட்டுதான் கேஷ். கார்டும் யுபிஐயும் எதிர்ப்பக்கம். கணக்காளரிடம் போனால் இன்னொரு கதை: கம்பெனிக் கணக்கில், கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி இருப்பும் கேஷில் சேரும்.

இனி நம்முடையது.

‘காசு’ தமிழில் பழைய சொல். குறுந்தொகை 67ஆம் பாட்டில், கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழத்தைப் பார்க்கும் அள்ளூர் நன்முல்லைக்கு, புது நூல் கோக்கும் பொற்கொல்லரின் நகத்தில் பிடித்த ஒற்றைப் பொற்காசு நினைவுக்கு வருகிறது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரியகோவில் கல்வெட்டுகளில் கோவிலுக்கு வைத்த முதலும் வட்டியும் காசுக் கணக்கில் இருக்கின்றன. அப்போது காசு பொன். பின்னால் செம்பாக இறங்கியது.

அந்தச் சில்லறைக் காசைத்தான் போர்ச்சுகீசியர் பிடித்துக்கொண்டார்கள். ‘காசு’ அவர்கள் வாயில் ‘கைஷா’ ஆனது. போர்ச்சுகீசிய மொழியில் ‘கைஷா’ என்று முன்பே ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பொருள் பெட்டி! அதுவும் அந்த லத்தீன் ‘காப்சா’வின் வாரிசுதான். எங்கோ பிறந்த இரண்டு சொற்களுக்கு ஒரே சட்டை மாட்டியது இங்கேதான். இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களை யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, தமிழ்க் ‘காசு’ அல்லது கொங்கணியில் இருந்திருக்கக்கூடிய ஒரு வடிவம், அதிலிருந்து கைஷா, அதிலிருந்து கேஷ் என்று வழி சொல்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ‘காசு’க்கே வடமொழியின் ‘கர்ஷ’ என்ற எடைப்பெயரோடு உறவு உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பேச்சில் அந்த வழக்கை இழுக்க வேண்டாம்.

1598இல் ஆங்கிலத்தில் வந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் பயண நூல், சுந்தா தேசத்தில் (ஜாவா தீவின் மேற்குப் பக்கம்) நடுவில் ஓட்டை உள்ள ‘கைஷா’ என்னும் செப்புக்காசை இருநூறு, ஆயிரமாகக் கயிற்றில் கோத்து வைப்பதைச் சொல்கிறது. சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கும் ஆங்கிலேயர் இந்தப் பெயரையே வைத்தார்கள். சீனர்கள் அதைக் கேஷ் என்று சொன்னதே இல்லை. வாட்ஸ்அப் தகவலைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது: நம் சில்லறையின் பெயர் சீனாக்காரர் காசுக்கு ஆங்கிலப் பெயராகியிருக்கிறது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் கணக்கு: 80 கேஷ் ஒரு ‘பணம்’ (அப்போது அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். அதாவது வராகனுக்கு 3360 கேஷ். இங்கிலாந்தில் அடித்துச் சென்னைக்கு அனுப்பிய 1803ஆம் ஆண்டுச் செப்பு நாணயத்தில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ‘கேஷ்’ என்று பொறித்திருக்கிறது. இப்படி 1808இல் அடித்த காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. திருவிதாங்கூரிலும் 16 காசு ஒரு சக்கரம். நாணயத்தில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றே இருக்கும். நாகர்கோவில் பக்கம் வயதானவர்களுக்கு இது கேட்டுப் பழகிய கணக்கு.

ஆகவே மகள் இப்படிப் பேசட்டும்: “ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ லத்தீன் வழி வந்தது. ஆனால் அதே எழுத்தில் இன்னொரு ‘கேஷ்’ உண்டு. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர் அது. அது நம் காசு.” பேச்சுக்கு வலு வேண்டுமானால் கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு ஆகியவற்றைக் கூடவே சேருங்கள், ‘கேட்டமரான்’, ‘மல்லிகடானி’, ‘செரூட்’ மூன்றும் தமிழிலிருந்து போனவை என்பதில் தகராறு இல்லை. ‘காசுக்கு எட்டு’ என்று விற்றதால் ‘கேஷ்யூநட்’ ஆனது என்றும் ஒரு கதை சுற்றுகிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது, பெயரும் அங்குள்ள துப்பி மொழியின் ‘அகாஜு’ வழியாக வந்ததுதான்.

அடுத்த முறை இப்படி ஒரு தகவல் வந்தால், நல்ல ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லின் தலையில் 1, 2 என்று சிறு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் வேர் இரண்டு. எந்தச் சொல்லைப் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேசலாம்.

அந்த 1803 நாணயத்தின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, அட்டையில் ஒட்டி மகள் கையில் கொடுத்தனுப்புங்கள். நடுவர், “கேஷ் பிரெஞ்சு இல்லையாம்மா?” என்று கேட்டால், “அது வேற கேஷ் சார், இது இந்தக் கேஷ்” என்று அட்டையைத் தூக்கிக் காட்டட்டும்.