ஃப்ளஷ் தண்ணீர் நாறுகிறது: பில்டர் பொறுப்பா, சங்கம் பொறுப்பா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் குளியலறை, வாஷிங் மெஷின் கழிவுநீரை நாணல் படுகையில் (சரளைக்கல்லில் நாணல் வளர்த்து, அதன் வழியே கழிவுநீரை வடியவிடும் அமைப்பு) சுத்திகரித்து ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் விடுகிறோம். ஒப்படைத்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, தண்ணீர் நாறுகிறது. தன் கிணற்றில் கசிகிறது என்று பக்கத்து இடத்துக்காரர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். ஒப்படைத்ததோடு பொறுப்பு முடிந்தது என்கிறார் பில்டர். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மூடாதீர்கள். கட்டட அனுமதியில் இந்த அமைப்பு நிபந்தனையாக இருந்தால், அதை நிறுத்துவது உங்கள் விதிமீறல் ஆகிவிடும். அனுமதி ஆணையை முதலில் எடுத்துப் படியுங்கள்.

பக்கத்து இடத்துக்காரருக்கு ‘பில்டரைக் கேளுங்கள்’ என்று பதில் எழுதிவிடவும் வேண்டாம். 1868-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கும் தண்ணீர்க் கதைதான். ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்தது. கவனக்குறைவு கட்டியவர்களுடையது, நஷ்டஈடு நீர்த்தேக்கத்தின் சொந்தக்காரர் தலையில் விழுந்தது. இந்த விதியை எவ்வளவு தூரம் ஏற்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் அண்டைவீட்டாருக்கு நீங்கள் பதில் சொல்லிவிட்டு, பில்டரிடம் வசூலிப்பதுதான் வழக்கமான பாதை. கிணற்றில் இருப்பது உங்கள் தண்ணீர்தானா என்பது வேறு கேள்வி. கிணற்று நீர், உங்கள் படுகை நீர் இரண்டிலும் மாதிரி எடுத்து ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள்.

சரி, பில்டர். அவர் சொல்வது பாதிதான் சரி. பராமரிப்பு உங்களுடையது, வடிவமைப்புக் குறை அவருடையது. ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது கட்டுமானக் குறைகளைப் பில்டரே சரிசெய்ய வேண்டிய காலம், எவ்வளவு என்று பாருங்கள். எது யார் தவறு என்பதைக் குழாயே காட்டிக்கொடுக்கும். சமையலறை சிங்க்கில் சாயம் கரைத்து ஊற்றிவிட்டு, படுகைக்கு முன்னுள்ள தொட்டியைத் திறந்து பாருங்கள். நிறம் தெரிந்தால், சமையலறைக் குழாயும் அதில் இணைந்திருக்கிறது; அங்கே சேரக்கூடாத எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து சரளைக்கல் இடுக்குகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இணைப்பைப் பில்டர் கொடுத்தாரா, அல்லது சமையலறையை மாற்றிக் கட்டிய யாராவது தாமாகக் கொடுத்தார்களா? வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பில்டருக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, அவர் ஆளை வைத்துக்கொண்டே இதைச் செய்து வீடியோ எடுங்கள்.

பம்ப் ஓடிய நேரத்தை எழுதிவைக்கும் பதிவேடு இருக்கிறதா? பம்ப் நின்று, கழிவுநீர் ஒரு நாளுக்கு மேல் தேங்கினாலே பிராணவாயு தீர்ந்து நாறத் தொடங்கும்; அதைத்தான் பில்டரின் வக்கீல் முதலில் கேட்பார். நல்ல வழக்குகள் இந்த ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். பழைய தேதிகளை மட்டும் உட்கார்ந்து நிரப்பாதீர்கள்.

ஆய்வறிக்கை வந்ததும் அதையும் வீடியோவையும் இணைத்து, பில்டருக்குச் சங்கத்தின் பெயரில் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். போனில் பேசிக்கொண்டிருக்கும் நாட்களிலும் காலக்கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.