பதில்: பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ரோம் – டிக்கெட் எப்படிப் போடுவது?

கடலூர் நண்பருக்கு, பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ரோம் என்று இருவராகச் சுற்றப் போகிறீர்கள். சென்னையிலிருந்து பாரிஸ் போய் பாரிஸிலிருந்தே திரும்பும் டிக்கெட் ஏழாயிரம் ரூபாய் குறைகிறது, போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கடைசி ஊர் ரோம். அங்கிருந்து பாரிஸ் திரும்ப இன்னொரு விமானம், பெட்டிக்குத் தனிக் காசு, அரை நாள் வேறு வீண். தேடும்போது 'மல்டி சிட்டி'யைத் தட்டி, சென்னை–பாரிஸ், ரோம்–சென்னை இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள்.

பாரிஸ்–ஆம்ஸ்டர்டாமுக்கு ரயில்தான் சரி. யூரோஸ்டாரில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், ஊர் நடுவிலேயே இறங்கலாம். அடுத்து ரோமுக்கு மட்டும் விமானம்.

ஹோட்டலை விசா வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகவே பிடியுங்கள். புக்கிங்கில் இருவர் பெயரும் இருக்கட்டும். விசாவுக்கு ஆளாளுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். அப்புறம், 'டபுள்' என்றால் ஒரே கட்டில். பாரிஸில் பல இடங்களில் அதன் அகலமே 140 செ.மீ.தான், இரண்டு ஆம்பளைகள் புரள முடியாது! இரண்டு தனிக் கட்டில் உள்ள 'ட்வின்' என்று பார்த்துப் போடுங்கள். ரோமில் நகர வரியை ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலிலேயே வாங்குவார்கள்.

விசாதான் முக்கியம். பாரிஸில் 3, ஆம்ஸ்டர்டாமில் 2, ரோமில் 4 இரவு என்கிறீர்கள். மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான். அதை அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதாவது இத்தாலிக்கு. பக்கத்தில் பாண்டியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். ரோமில் ஓர் இரவைக் குறைத்துப் பாரிஸில் கூட்டினால் பிரான்ஸுக்கே போடலாம். எதுவானாலும் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.