கோலே விழாத ஆட்டத்தில் என்ன அழகு?

கேள்வி: தொண்ணூறு நிமிடம் ஓடிவிட்டு 0-0 என்று முடிகிற ஆட்டத்தைப் போய் அழகு என்கிறீர்களே, அப்படி என்னதான் இருக்கிறது கால்பந்தில்?

பதில்: 1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்தும் ஸ்வீடனும் மோதிய ஆட்டம்கூட 0-0 தான். அதில் சில வினாடிகளை மட்டும் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். இடப்பக்க ஓரத்தில் நெதர்லாந்தின் யோஹான் க்ரைஃப், எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டியபடி. அவர் மேல் ஒட்டாத குறையாக ஸ்வீடனின் யான் ஓல்சன். க்ரைஃப் உள்ளே பாஸ் கொடுக்கப்போவதுபோலக் காலை ஓங்குகிறார், ஓல்சனின் உடம்பு மொத்தமும் அந்தப் பக்கம் சாய்கிறது, அதற்குள் அதே காலால் பந்தைத் தன் இன்னொரு காலுக்குப் பின்னால் இழுத்து, திரும்பி, ஆள் போயே போய்விட்டார். அந்த ஓட்டத்தில் கோல் வரவில்லை. ஆனால் 'க்ரைஃப் டர்ன்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது, பந்து பழகும் பிள்ளைகள் இன்றும் அதைப் பழகுகிறார்கள்.

கோல் அபூர்வமாக விழுவதுதான் இந்த ஆட்டத்தின் சூட்சுமமே. கூடைப்பந்தில் ஒன்று தவறினால் அடுத்த நிமிடமே இன்னொன்று கிடைக்கும். இங்கே கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிடும். இளைத்தவன் வலுத்தவனைச் சாய்க்க முடிவதும் இதனால்தான். 2004-இல் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையில் கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்றே ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. (அந்த ஆட்டங்கள் அழகா என்று கேட்காதீர்கள், எனக்கே கொட்டாவி வந்தது.) 2022-இல் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்ற அர்ஜென்டினாதான் கடைசியில் உலகக் கோப்பையையே வென்றது!

கேள்வி: சரி, பார்க்கத்தான் ஆசை, ஆனால் பந்து அங்கும் இங்கும் போவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாதவர்களைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். 1970 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக பிரேசில் போட்ட நான்காவது கோல் இணையத்தில் கிடைக்கும். பெலேவிடம் பந்து வருகிறது, மனிதருக்கு அவசரமே இல்லை, வலப்பக்கம் ஆளே இல்லாத இடத்துக்கு மெல்ல உருட்டிவிடுகிறார். யாருக்கு என்று நாம் யோசிக்கும்போதே பின்வரிசை ஆட்டக்காரர் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ திரைக்குள் ஓடிவந்து, பந்தை நிறுத்தாமல் ஒரே அடி. முதல் தடவை பெலேவைத்தான் பார்ப்பீர்கள். இரண்டாவது தடவை, அந்த வலப்பக்கக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள்.