பாய்மரப் படகிலிருந்து ஒலிம்பிக் தலைமைக்கு: ஜாக் ரோக் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: டாக்டர், படகோட்டி, ஒலிம்பிக் கமிட்டித் தலைவர், எல்லாம் ஒரே ஆளா?

ஒரே ஆள்தான். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1942இல் பிறந்த எலும்பு அறுவை மருத்துவர். 1968, 1972, 1976 ஒலிம்பிக்குகளில் ஃபின் வகைப் படகில் போட்டியிட்டார். பெல்ஜிய ரக்பி அணிக்கும் ஆடியவர். 2001இல் முந்தைய தலைவர் சமராஞ்சுக்குப் பின் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராகி 2013 வரை இருந்தார்.

கேள்வி: பாய்மரப் படகைக் காற்றுதானே ஓட்டுகிறது? இதில் உடல் உழைப்பு என்ன?

இதைக் கேட்டதற்கு நன்றி. ஃபின் நாலரை மீட்டர் நீளம், ஒரே ஆள் ஓட்டுவது. பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் கம்பிகள் கிடையாது, காற்று ஏறினால் மரமே வளையும். படகு கவிழாமல் இருக்க உங்கள் உடம்புதான் எடைக்கல். உள்ளேயுள்ள பட்டையில் பாதங்களைக் கோத்துக்கொண்டு விளிம்புக்கு வெளியே மல்லாந்து தொங்க வேண்டும். ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாய்க்கயிறு. கொஞ்ச நேரத்தில் தொடை தீயாய் எரியும். முகத்தில் உப்புத்தண்ணீர் அறையும், துடைக்கக் கை இருக்காது. ரோக் ஓட்டிய காலத்தில் ஒரு ஒலிம்பிக்குக்கு இப்படி 7 பந்தயங்கள்.

கேள்வி: 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியில் கடலே இல்லையே, எங்கே ஓட்டினார்?

அகாபுல்கோவில். எப்போதும் சொல்வதுதான்: ஒலிம்பிக் நடந்த ஊரை வைத்துப் படகுப் போட்டியைத் தேடாதீர்கள். 1972இல் மியூனிக் அல்ல, வடகோடியில் உள்ள கீல். 1976இல் மான்ட்ரியல் அல்ல, ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள கிங்ஸ்டன்.

கேள்வி: எத்தனை பதக்கம் வாங்கினார்?

ஒலிம்பிக்கில் ஒன்றும் இல்லை. முதல் பத்து இடத்துக்குள்ளும் வரவில்லை.

கேள்வி: தங்கமா, வெள்ளியா?

மேலே பார்க்கவும்.

கேள்வி: தலைவராக உருப்படியாக என்ன செய்தார்?

2002 சால்ட் லேக் சிட்டியில் வீரர்கள் கிராமத்திலேயே தங்கினார். ஊக்கமருந்து விஷயத்தில் விடாப்பிடி. 2004 ஏதென்ஸ் மாதிரிகளைப் பின்னாளில் மறுபடி சோதித்து, 2012 டிசம்பரில் நால்வரின் பதக்கங்களைப் பறித்தார்கள். இளையோர் ஒலிம்பிக்கும் அவர் கொண்டுவந்தது, முதலாவது 2010இல் சிங்கப்பூரில் நடந்தது.

கேள்வி: 1972 மியூனிக் ஒலிம்பிக்கின்போது கொல்லப்பட்ட 11 இஸ்ரேலியர்களுக்காக 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு நிமிட மௌனம்கூட அவர் அனுமதிக்கவில்லையே. அதைச் சொல்ல மாட்டீர்களா?

சொல்கிறேன். அப்படிப்பட்ட துயரத்தை நினைவுகூரத் தொடக்க விழாச் சூழல் பொருந்தாது என்றார். சில நாள் முன்பு லண்டன் வீரர்கள் கிராமத்தில் அவரே மௌன அஞ்சலி செலுத்தினார். கிராமத்தில் செய்தது போதாதா என்று இன்னொருவர் இங்கே கேட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் போதாது. இறந்தவர்கள் ஒலிம்பிக்குக்கு வந்த விருந்தாளிகள். அந்த 1972இல் ரோக்கும் போட்டியாளர். மற்ற யாரையும்விட அவருக்கு அது உறைத்திருக்க வேண்டும். குடும்பங்கள் 40 வருஷமாகக் கேட்டது ஒரே ஒரு நிமிடம்.

கேள்வி: அரசியல் நுழைந்துவிடும் என்று பயந்திருக்கலாம் அல்லவா?

கொலை நடந்தது ஒலிம்பிக் கிராமத்துக்குள். அரசியல் அன்றைக்கே நுழைந்துவிட்டது. தலைவராக அவர் செய்த பெரிய தவறு இதுதான் என்பேன், அவர்மேல் எனக்குள்ள மரியாதையோடுதான் சொல்கிறேன். கடைசியில் 2021 டோக்கியோ தொடக்க விழாவில், ரோக்குக்குப் பின் வந்த தாமஸ் பாக் தலைவராக இருந்தபோது, அந்த மௌனம் நடந்தது. அடுத்த மாதமே ரோக் காலமானார்.

கேள்வி: ஃபின் பந்தயம் இப்போது எங்கே பார்க்கலாம்?

ஒலிம்பிக்கில் அதே டோக்கியோதான் கடைசி. உலக சாம்பியன்ஷிப் தொடர்ந்து நடக்கிறது.