பி குப்பி

ஐயா, வணக்கம்.

எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து ஓட்டக்காரப் பெண் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிவிட்டார். ஏ மாதிரியில் ஏதோ இருந்ததாம், இடைக்காலத் தடையாம். பிளக்ஸைக் கழற்றிவிட்டார்கள். "அப்பவே தெரியும், திமிர் பிடிச்சவ" என்கிறது ஊர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. என் மகள் அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். எடுக்கச் சொல்லவா?

ர.

அன்புள்ள ர.,

படத்தை உங்கள் மகள் பார்த்துக்கொள்வாள். இந்த 'அப்பவே தெரியும்' கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துகிறது. அப்பவே தெரிந்தவர்கள் பிளக்ஸுக்கு ஏன் காசு கொடுத்தார்கள்? திமிரெல்லாம் 90 மில்லி சிறுநீரில் தெரியாது ஐயா.

ஆமாம், குறைந்தது 90 மில்லி. பெண் அலுவலர் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்கக் கொடுக்க வேண்டும். பிறகு அந்தப் பெண்ணே தன் கையால் ஊற்றி மூட வேண்டும்: ஏ குப்பியில் 60, பி குப்பியில் 30. ஆய்வகத்துக்கு எண்தான் போகும், பெயர் போகாது. அங்கே முதலில் திறப்பது ஏ. அதில் ஏதாவது தெரிந்தால், பி-யையும் திறக்கச் சொல்லிக் கேட்பது அவர் உரிமை; நேரில் போய் நிற்கலாம், ஆளும் அனுப்பலாம். கேட்காமல் விட்டால் ஏ முடிவே நிற்கும். பி ஒத்துவராவிட்டால் அந்த முடிவை வைத்துப் போட்ட இடைக்காலத் தடை போய்விடும். நீங்கள் ஏ-யோடு நிறுத்திக்கொண்டீர்கள். பி என்னவாயிற்று என்று ஊரில் ஒருவராவது கேட்டீர்களா?

1994-இல் பிரிட்டனின் 800 மீட்டர் ஓட்டக்காரர் டயேன் மோடால் லிஸ்பனில் கொடுத்த மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எக்கச்சக்கமாக இருந்தது. நான்கு ஆண்டுத் தடை. அந்த மாதிரியைக் குளிரில் வைக்காமல் வெக்கையில் போட்டிருந்தார்கள். பாக்டீரியா பெருகி அளவு ஏறியிருக்கலாம் என்று மேல்முறையீட்டில் 1995-இல் தடை நீங்கியது.

உங்கள் ஊர்ப்பெண்ணும் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. தடையே உறுதியானாலும் அது குணத்துக்குக் கொடுத்த சான்று ஆகாது. மருந்து உடம்பில் எப்படி வந்தது என்பதைப் பார்க்காமலே விதி மீறியதாக எழுதிவிடுவார்கள். தண்டனை நான்கு ஆண்டா, இரண்டா, இன்னும் குறைவா என்று முடிவு செய்யும்போதுதான் அந்தக் கேள்வி வரும். காய்ச்சல் என்று போனால் மருந்துக்கடையில் மூன்று வேளைக்கென்று கவரில் மடித்துத் தருகிறார்களே, பெயரே இல்லாத மாத்திரைகள்! அதில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கிடந்தால் போட்டி நேரத்தில் மாட்டிக்கொள்வார். கால்வீக்கத்துக்குப் போடும் ஃபியூரோசமைடு எப்போதுமே ஆகாது. புரோட்டீன் மாவிலும் கலப்படம் உண்டு. ஆனால் அதே பேட்ச் எண்ணில் பிரிக்காத டப்பா ஒன்று கையில் இல்லாவிட்டால் நிரூபிப்பது பெரும்பாடு.

 

கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். மாத்திரை அட்டை, கடை பில், மீதி டப்பா எதையும் எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். சோதனையன்று கையெழுத்திட்ட படிவத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். முந்தைய ஏழு நாளில் சாப்பிட்ட மருந்துகளை அதில் எழுதினாரா? பி குப்பியைத் திறக்கக் கேட்பதற்கான கெடு நோட்டீஸிலேயே இருக்கும். அதை முதலில் பாருங்கள்.