கூகைப் பெட்டி: கடைக்குட்டி எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கொட்டகையில் மாட்டிய பெட்டியில் கூகை என்னும் ஆந்தை ஒன்று ஐந்து முட்டையிட்டது. ஐந்தும் பொரிந்தன. உள்ளே இருக்கும் கேமராவில் தினமும் பார்க்கிறோம். முதல் குஞ்சுக்கு இன்று 24 நாள். நேற்றிலிருந்து தாய் இரவில் குஞ்சுகளைத் தனியே விட்டுப் போய்விடுகிறது. கடைக்குட்டியை இரண்டு நாளாகக் காணோம். மூத்தவை தின்றுவிட்டனவா? நாங்கள் கறித்துண்டு போடலாமா? அப்பனும் ஆத்தாளும் இல்லாதபோது ஏன் விடாமல் கத்துகின்றன? படமும் வெள்ளையாக மங்கித் தெரிகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாய் அம்போவென்று விட்டுப் போகவில்லை. வேட்டைக்குப் போகிறது. முட்டையிட்டது முதல் இதுவரை ஆண்தான் இரை கொண்டுவந்தது, பெண் அடைகாத்தது. பிறந்த குஞ்சின் எடை ஏறத்தாழ 14 கிராம்தான். அதன் மெல்லிய முதல் தூவி குளிர் தாங்காது, தாயின் வயிற்றுச் சூடு வேண்டும். இரண்டு வாரம் நெருங்கும்போது அடர்த்தியான இரண்டாம் தூவி முளைக்கிறது. மூன்று வாரத்தில் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும், இரையையும் முழுதாக விழுங்கும். உங்கள் நான்கில் இளையதற்கு இப்போது 15 முதல் 18 நாள் இருக்கும். அண்ணன்மாரோடு ஒட்டிக்கொண்டு படுத்தால் போதும். இன்னும் சில நாளில் தாய் பகலில்கூட வேறிடத்தில் போய்த் தூங்கும். அப்போதும் பதறாதீர்கள்.

கவலைப்பட வேண்டிய அடையாளம் வேறு. கடைசிக் குஞ்சு பொரித்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், பெட்டிக்குள் மிச்ச இரை ஒன்றுமில்லாமல் தாய் நெடுநேரம் வெளியே இருந்தால், ஆண் போதிய இரை கொண்டுவரவில்லை என்று பொருள். சில நேரம் ஆணே செத்துப்போயிருக்கும். எனவே முட்டைக் கணக்கைவிட இரைக் கணக்குதான் முக்கியம். ஒரு நோட்டில் ஒவ்வொரு வரவையும் நேரத்தோடு குறியுங்கள்: என்ன இரை, எவ்வளவு பெரிது, எந்தக் குஞ்சு வாங்கியது. மூலையில் தின்னாத எலிகள் குவிந்து கிடந்தால் குடும்பம் செழிப்பாக இருக்கிறது. மழை இரவுகளைத் தனியாகக் குறியுங்கள். கூகையின் மென்மையான இறகு நனைந்துவிடும். ஓசையை வைத்தே வேட்டையாடும் பறவைக்கு மழைச் சத்தமும் காற்றும் பெரிய தொல்லை. இரண்டு மூன்று நாள் அடைமழை பெய்தால் அதன் விளைவு கடைக்குட்டி மேல்தான் வந்து விடியும்.

ஏன் கடைக்குட்டி மேல்? கூகை முதல் முட்டையிட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடுகிறது. அடுத்தடுத்த முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வரும். ஒவ்வொன்றும் ஒரு மாதத்தை ஒட்டிப் பொரியும். ஆக ஐந்து முட்டையில் மூத்ததற்கும் இளையதற்கும் 8 முதல் 12 நாள் வித்தியாசம். இரை ஏராளமாக இருந்தால் ஐந்தும் தேறும், குறைந்தால் கடைசி போய்விடும். எல்லாம் ஒரே வயதாக இருந்து பஞ்சம் வந்தால் ஐந்துமே சாகக்கூடும். செத்த குஞ்சை மற்றவை தின்பதோ தாயே பிய்த்து ஊட்டுவதோ உண்டு. பெரும்பாலும் அது முன்பே பட்டினியில் செத்திருக்கும், கொலை மிக அரிது. பதிவை இரண்டு நாள் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கத்தலைக் கேட்டீர்கள். பெட்டி விஷயங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். பெற்றோர் இல்லாதபோது எழும் அந்தச் சீறல் உடன்பிறப்புகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் ரூலான் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதிகப் பசியுள்ள குஞ்சு அதிகம் கத்துகிறது. பசி குறைந்த குஞ்சு அடங்கி, அடுத்த எலியை அதற்கு விட்டுக்கொடுக்கிறது. வரும் எலி ஒன்று, அதைப் பங்குபோட முடியாது. அதனால் சண்டைக்குப் பதில் முன்கூட்டியே பேரம். மூத்த குஞ்சு தன் இரையை இளையதற்குக் கொடுப்பதும் பதிவாகியிருக்கிறது. மைக் இருந்தால் எது கத்தி முடித்தபின் எது இரை வாங்குகிறது என்று எழுதிவையுங்கள்.

கறித்துண்டு வேண்டாம். எலியை முழுதாக விழுங்கும்போதுதான் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. வெறும் சதை தின்று வளரும் குஞ்சுக்கு எலும்பு வளையும். எங்கோ செத்துக்கிடந்த எலியையும் போடாதீர்கள், எலிமருந்து தின்றதாக இருக்கலாம். புரோமடயலோன், புரோடிஃபேகூம் போன்ற எலிமருந்துகள் கூகையின் ஈரலில் தங்கிவிடும். குஞ்சுகள் உண்மையிலேயே சோர்ந்துபோனால் பெட்டியைத் திறக்காமல் வனத்துறையையோ பறவை மீட்பாளரையோ கூப்பிடுங்கள்.

குஞ்சு கீழே விழுந்தால் மட்டும் கை வைக்கலாம். தரையில் கிடக்கும் குஞ்சுக்குப் பெற்றோர் பொதுவாக ஊட்டுவதில்லை. காயமில்லையென்றால் பெட்டியில் திருப்பி வைத்துவிடுங்கள். மனித வாடைக்கு ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை, கூகை மோப்பத்தை நம்பி வாழும் பறவையல்ல. விழுவதற்கு முக்கியக் காரணம் பெட்டியின் ஆழம் போதாததுதான். நுழைவுத் துளையின் கீழ்விளிம்பிலிருந்து பெட்டியின் அடிப்பலகைக்குக் குறைந்தது 45 செ.மீ. இருக்கவேண்டும். கூகை கூடு கட்டாது, கக்கிய எலி எலும்பு, ரோம உருண்டைகளை உடைத்துப் பரப்பி அதன்மேல் முட்டையிடும். ஆண்டுக்காண்டு அது ஏறினால் ஆழம் குறைந்துவிடும்.

படம் வெளுப்பது அகச்சிவப்பு விளக்கால். ஒளி பக்கச் சுவரிலோ லென்சில் கட்டிய சிலந்தி நூலிலோ பட்டுத் திரும்புகிறது. ஃபோகஸைத் தொலைவுக்கு வைத்து விற்கும் கேமராவானால், அரை மீட்டருக்கு மாற்றாவிட்டாலும் மங்கும். மென்பொருளில் விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்க முடிந்தால் இன்றே குறையுங்கள். மற்றதைக் குஞ்சுகள் போனபின் செய்யலாம். எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் பறக்கத் தொடங்கும், அதன்பிறகும் சில வாரம் பெட்டிக்கு வந்து போகும். அதே ஆண்டில் மறுபடி முட்டையிடவும் கூடும். பெட்டி காலிதான் என்று கேமராவில் உறுதிசெய்துகொண்டு, முகமூடி போட்டுக்கொண்டு திறந்து சுத்தம் செய்யுங்கள்.